குச்சனூரில் காகம் அழைக்கும் உத்தியோகம்

இதை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

பதினாறாவது வயதில் நான் ஏற்ற முதல் உத்தியோகம் இன்னதென்று என் பிள்ளைகளிடம் பலமுறை கூறியிருக்கிறேன். குச்சனூரில் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸின் மொட்டைமாடியில் நின்று காகங்களை அழைப்பதே அந்த உத்தியோகம். இதைக் கேட்டு அவர்கள் சிரித்தார்களேயன்றி நம்பவில்லை. நான் கூறியதும் பாதிதான். மறுபாதியை வெளியிடலாகாது என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வாங்கியவர் இப்போது இல்லை. கொடுத்தவளுக்கும் எழுபது நெருங்குகிறது. ஆகவே முழுவதையும் எழுதிவிடத் துணிந்தேன்.

குச்சனூருக்குச் சனிக்கிழமைகளில் வருகிறவர்கள் சாமி கும்பிட்டு, எள் விளக்கு ஏற்றி, அதுவரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருந்துவிட்டு, பிறகுதான் சாப்பிட வருவார்கள். அப்போதும் உடனே இலையில் உட்கார்ந்துவிட மாட்டார்கள். எள் கலந்த சோற்றை ஒரு கைப்பிடி எடுத்துக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் வந்து அதைத் தொட்ட பிறகே அவர்கள் தொடுவார்கள். இதற்காகவே அந்த மெஸ்ஸின் மாடிச் சுவர்மேல் ஒரு பலகைக் கல் பதிக்கப்பட்டிருந்தது. காகம் விரைந்து வருகிற மெஸ்ஸில் கூட்டம் நிற்கும். வராத மெஸ்ஸில் சாம்பார் ஆறும்.

நானோ பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் வேதக்காரர்களின் ஊர். மாதா கோயில் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கும் ஊர். அவ்வாண்டு கோடையில் என் பெரியம்மா மேகமலையிலிருந்து இறங்கி வந்தார். அங்கே தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருபது ஆண்டுகளாக இருந்தவர். வந்தவர் என் விரல்களைப் பிடித்து, சந்தையில் முருங்கைக்காய் பார்ப்பதைப் போல ஒடித்துப் பார்த்தார்.

“தேயிலை கிள்ள வெரலு நல்லாத்தான் இருக்கு. கணக்குல தோத்ததெல்லாம் அங்கன யாரும் கேக்க மாட்டாக” என்றார்.

எனக்கு மேகமலை தெரியும். ஒருமுறை சென்று ஒரு வாரம் தங்கியிருக்கிறேன். சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் என் குடல் எங்கெங்கே இருக்கிறது என்பதைத் தனித்தனியே அறிந்துகொண்டேன். அங்கே நான் பார்த்தவை மூன்று: மழை, பனி, என் காலில் அட்டை. ஆகவே பெரியம்மாவின் பேச்சைக் கேட்டதும் நாடகக்காரிபோல் மூன்று நாள் அழுதேன். என் தந்தை மனமிரங்கிப் பெரியம்மாவிடம் ஒரு தவணை கேட்டார். ஆடி முடிவதற்குள் கீழே எனக்கு ஒரு நிலையான வேலை அமைந்தால் நான் தப்பலாம். அமையாவிட்டால் ஆடி கடைசியில் பெரியம்மா வந்து அழைத்துச் செல்வார்.

தந்தை சனிக்கிழமைதோறும் வாழையிலைக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சென்று மேற்படி மெஸ்ஸுக்குப் போடுகிறவர். அடுத்த சனிக்கிழமை இலைக் கட்டோடு என்னையும் கொண்டுபோய் இறக்கினார்.

மெஸ்ஸின் முதலாளி ஓர் அம்மாள். கணவரை இழந்த பின் தாமாகவே அடுப்பை மூட்டித் தொழிலை நிலைநிறுத்தியவர். அகன்ற உடம்பு, ஈரக் கொண்டை, கையில் எப்போதும் ஒரு கரண்டி. சுத்த சைவ மெஸ் என்று வாசலில் எழுதியிருந்தது. அவ்வெழுத்துக்குத் தினமும் சந்தனம் வைப்பார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வேதக்காரப் புள்ளையா?”

“ஆமாம்மா.”

“காக்கா கூப்புடத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“அப்பச் சரி. காக்கா என்ன, ஒங்கிட்ட ஞானஸ்நானச் சீட்டா கேக்கப் போகுது? ரெண்டு சனிக்கிழமை பாப்பேன். வந்துச்சுன்னா மத்த நாளும் காய் நறுக்கவும் எலை எடுக்கவும் வந்துரு. வரலேன்னா ஒங்க அய்யாவோட எலை மட்டும் வந்தாப் போதும்.”

முதல் சனிக்கிழமை நான் அடைந்த அவமானத்தை எழுத்தில் அடக்குவது கடினம். காலை பத்து மணிக்கு மாடியில் பன்னிரண்டு பேர் பசித்து நின்றார்கள். கல்லின்மேல் எள் சோறு பன்னிரண்டு உருண்டைகளாக இருந்தது. நான் கா கா என்று கூவினேன். வானம் சுத்தமாக இருந்தது. கீழே அடுப்படியிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். மாஸ்டர் என்பது சமையற்காரர். மெலிந்த மனிதர், நாக்கு மட்டும் கனமானது.

“ஏ புள்ள, கோழியவா கூப்புடுற? காக்காய்க்கு அடிவயித்துல இருந்து வரணும்!”

அடிவயிற்றிலிருந்து கூவினேன். எதிர் மெஸ் மாடியிலிருந்த ஒரு நாய் பதில் சொன்னது. காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர், “நம்ம பாவம் அம்புட்டு இருக்கு போலருக்கு” என்று தம் மனைவியைப் பார்த்துக் கூறினார். அவ்வம்மாள், “நம்ம பாவம்னு என்னையவும் ஏன் சேக்குறீக?” என்று கேட்டார். அரை மணி கழித்து ஒற்றைக் கிழட்டுக் காகம் வந்து, சோற்றைப் பார்த்து, என்னைப் பார்த்து, எழுந்து போய்விட்டது. அதற்குள் இரண்டு குடும்பங்கள் எதிர் மெஸ்ஸுக்கு நடந்துவிட்டன. மெஸ் அம்மாள் என்னை ஒன்றும் திட்டவில்லை. ஒரு விரலை மட்டும் காட்டினார். இன்னும் ஒரு சனிக்கிழமை என்று பொருள்.

திரும்பும் வழியில் ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் நின்று காகங்களை ஆராய்ந்தேன். நூறுக்குக் குறையாமல் இருந்தன. ஒவ்வொன்றும் கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தி வரை உட்கார்ந்திருந்தவரைப் போலக் கண் செருகியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடிந்தது முதல் ஊர் முழுவதும் எள் சோறு வைக்கிறது. சனிக்கிழமை குச்சனூர்க் காகத்துக்குச் சோறு என்பது கூப்பிட்டுத் தர வேண்டிய பொருளன்று. போதும் போதும் என்று தப்பி ஓட வேண்டிய பொருள். பாவத்துக்கும் காகத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் சலிப்புதான்.

தீர்வு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வேதத்தில் இறைச்சி விலக்கு. மீனுக்கு விலக்கு இல்லை. ஆகையால் ஊர் முழுக்க அன்று கருவாட்டுக் குழம்பு மணக்கும். என் தாயார் வாளைக் கருவாட்டை வெட்டித் தலைகளைக் கொல்லையில் எறிந்தார். எறிந்த கை இறங்குவதற்குள் எங்கள் ஓட்டுக் கூரையில் பதினைந்து காகங்கள். ஒன்றையொன்று மிதித்தன, திட்டின, இறக்கையால் அறைந்தன. யாரும் கா என்று கூடச் சொல்லவில்லை.

நான் கை கழுவாமல் நின்று யோசித்தேன்.

ஐயா, அம்மா, நான் எள் சோற்றில் எதையும் கலக்கவில்லை. பிறர் நோன்பை மதிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதும் தெரியும். சோறு சோறாகவே இருக்கும். மாடியின் மறு கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஓர் உடைந்த பூந்தொட்டிக்குள் தலைகள் இருக்கும். காகம் அதற்காக வரும். வந்த இடத்தில் மரியாதைக்காகச் சோற்றையும் கொத்தும். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று இரவெல்லாம் தேடினேன். தேடிக் கிடைத்ததைக் கவனியாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் டிபன் பாக்ஸின் அடித்தட்டில் ஐந்து தலைகள், மேல்தட்டில் இட்லி. பஸ் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“யாருய்யா கருவாட்டுக் கூடைய உள்ள ஏத்துனது? மேல தூக்கிப் போடு!”

என் தந்தை நேர்மையான மனிதர். அவர் கோபத்தோடு, “இங்கன ஏது தம்பி கூடை? எலைக் கட்டுதான் இருக்கு. முன்னால மீன் லாரி போயிருக்கும்” என்றார். பஸ்ஸே முன்னால் எட்டிப் பார்த்தது. நான் ஜன்னல் வழியே மேகமலையைப் பார்த்தபடி இருந்தேன். மலை மேகத்துக்குள் நின்று எனக்காகக் காத்திருந்தது.

அன்று பத்து மணிக்கு நான் ஒருமுறைதான் கூவினேன். வானம் கறுத்துவிட்டது. சுவரில், தொட்டியில், கம்பியில், ஒரு பெரியவரின் துண்டிலும் காகங்கள். எள் சோறு உருண்டைக்கு நான்கு கொத்து வாங்கியது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மெஸ் அம்மாள் கரண்டியோடு மாடிப்படி ஏறி வந்து, பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏத்தா, போன வாரம் எங்கன வச்சிருந்த இந்தத் தொண்டைய?” என்றார்.

மாஸ்டர் மட்டும் மூக்கை மேலே தூக்கி, “அக்கா, என்னமோ ஒரு வாடை வரல?” என்று கேட்டார்.

“மழை வரும்போல, மாஸ்டர்” என்றேன் நான்.

அன்று மாலையே வேலை உறுதியாயிற்று. மற்ற நாள்களில் காய் நறுக்கினேன், இலை எடுத்தேன். சனிக்கிழமைகளில் காகம் அழைத்தேன். நாலைந்து வாரத்தில் என் புகழ் கம்பம் வரை எட்டியது. கைராசிக்காரப் பெண் என்றார்கள். தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்று வேண்டினார்கள். ஒரு பெரியவர் என் முன் குனிந்து, “தாயி, ஒங் கையால திருநீறு பூசி விடு” என்றார். நான் பூசினேன். என் கழுத்தில் மாதா சுரூபம் கிடந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, “எல்லாச் சாமியும் ஒன்னுதான்” என்று தாமே சமாதானம் செய்துகொண்டார்.

மாதம் ஒருமுறை மாதா கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். கருவாட்டை எந்தக் கட்டளைக்குக் கீழே அறிக்கையிடுவது என்று வரிசையில் நிற்கும்போது பத்துக் கட்டளைகளையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றிலும் நேராகப் பொருந்தவில்லை. எனவே தம்பியைக் கிள்ளியதை மட்டும் அறிக்கையிட்டு வந்தேன்.

ஆடி மூன்றாம் சனிக்கிழமை வந்தது. ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த நாள். கீழே முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டு நான்கு வரிசையாக இலை விரித்திருந்தார்கள். கூட்டத்துக்குத் தக்கபடி நானும் பெரிய தலைகளாகத் தேர்ந்து கொண்டுவந்திருந்தேன். பிழை அங்கேதான் நேர்ந்தது. பெரிய தலையை ஒரு காகம் ஒரே வாயில் விழுங்க முடியாது, தூக்கிக்கொண்டு பறக்கும். பறப்பதை இன்னொரு காகம் துரத்தும்.

இரண்டும் பந்தலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் சண்டையிட்டன. நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாளைத் தலை நேராக இறங்கி, போடியிலிருந்து குடும்பத்தோடு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு நகைக்கடைக்காரரின் இலையில், பொரியலுக்கும் கூட்டுக்கும் நடுவே விழுந்தது. அவர் அப்போது பின்னால் திரும்பித் தம் பேரனை அதட்டிக்கொண்டிருந்தார்.

மெஸ் அம்மாள் அவ்வரிசையில் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தார். பார்த்தார். நின்றார். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பெரிய அப்பளத்தை எடுத்துத் தலையின்மேல் கவிழ்த்தார்.

“அய்யா, எலை கிழிஞ்சிருக்கு. மாத்தி வேற போடுறேன்” என்றார்.

“நல்லாத்தானம்மா இருக்கு!” என்று அவர் திரும்புவதற்குள் இலை மடிந்து அம்மாளின் இடுப்புக்குப் போய்விட்டது. அந்த அம்மாளைப் போல நெஞ்சுறுதி உள்ள ஒருவரை நான் அதன் பிறகும் கண்டதில்லை.

நான் மாடியிலிருந்து ஓடி இறங்கினேன். அடுப்படியில் இலை விரிக்கப்பட்டது. நாங்கள் மூவரும் நின்றோம். அப்பளத்தை எடுத்ததும் வாளை வாயைத் திறந்தபடி அம்மாளைப் பார்த்தது.

அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை மாஸ்டரின் பையில் கருவாட்டுப் பொட்டலம் கிடைத்து, இனிமேல் கண்டால் அன்றே வெளியே என்று எச்சரித்திருந்தாராம்.

“சுத்த சைவம்னு எழுதி வச்சிருக்கேன். அதுக்குச் சந்தனம் வைக்கிறேன். நீ இங்கன இதைச் சுட்டுத் திங்கிறியா?”

“அக்கா, சத்தியமா நான் இல்லக்கா. எனக்கு வாளை பிடிக்காது. நெத்திலிதான்...” என்று மாஸ்டர் தம்மைத் தாமே மேலும் மாட்டிவிட்டுக்கொண்டார்.

“துண்டை எடுத்துட்டுக் கெளம்பு.”

மாஸ்டர் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். நான் வாயைத் திறக்காதிருந்தால் போதும். ஆடி முடிய இரண்டே வாரம், மேகமலை இல்லை, அட்டை இல்லை. அவ்வளவு எளிதாக இருந்தது. ஆனால் அவர் துண்டை உதறி மடித்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. அதில் என்றும் இல்லாத பணிவு இருந்தது. பள்ளிக்கூடத்தில் செய்வதைப் போல வலது கையைத் தூக்கினேன்.

“அம்மா, அது என்னோட கருவாடு.”

அம்மாள் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். “காக்கா வந்தது இதுக்கா?” என்றார். தலையசைத்தேன். “எத்தன வாரமா?” என்றார். “எட்டு வாரமா” என்றேன். அவருடைய முகத்தில் கோபமும் வேறு ஏதோ ஒன்றும் மாறி மாறி வந்தன. அந்த வேறொன்று சிரிப்பென்று இப்போது எண்ணுகிறேன். அப்போது அறியேன்.

“எலைக்காரரு மகளாப் போயிட்ட. வெளிய சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. இனிமே இந்தப் பக்கம் வராத” என்றார். அம்மாளே மாடியேறிக் கல்லையும் பூந்தொட்டியையும் மூன்று குடம் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

வீட்டில், வேலை பிடிக்காமல் நின்றுவிட்டேன் என்று கூறினேன். தாயார் என்னை விளக்குமாற்றால் விசாரித்தார். பெரியம்மாவுக்குச் செய்தி போயிற்று. அவர் அடுத்த சனிக்கிழமையே இறங்கி வந்துவிட்டார். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் புறப்பாடு என்று தீர்மானமாயிற்று. என் துணிகளைத் தகரப் பெட்டியில் அவரே அடுக்கினார். அட்டைக்குப் பூச உப்பும் மூக்குப்பொடியும் ஒரு துணியில் முடிந்து, பெட்டியின் மூலையில் வைத்தார். அதைக் கண்டதும் என் கால் கூசியது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நாலரை மணிப் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வாசலில் நின்றவர் மெஸ் அம்மாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. தாயார் காப்பி கொடுத்தார். பெரியம்மா பெட்டியின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“புள்ளைய மேல கூட்டிட்டுப் போறீகளாக்கும்?”

“ஆமா. நீங்கதான வேணாம்னு சொல்லிட்டீகளாம்ல?” என்றார் பெரியம்மா. வேலையை நானே விட்டேன் என்ற என் கதையை அவர் ஒரு நொடியும் நம்பியிருக்கவில்லை.

அம்மாள் காப்பியைப் பார்த்தார். “வேணாம்னு சொல்லல. சின்னதா ஒரு... கசப்பு. அவ இல்லாம இன்னைக்கு ஒரு காக்கா வரல. நானே ஏறிக் கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை போச்சு. அம்புட்டும் புளியமரத்துல உக்காந்துக்கிட்டு என்னையவே பாக்குதுக. மூணு பந்தி எதுத்தாப்புல போயிருச்சு.”

“இவ கூப்புட்டா மட்டும் எப்புடி வருது?” என்று தாயார் வியந்தார்.

“கைராசி” என்றார் அம்மாள். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“கைராசி மேலயும் வேணும்ல?” என்றார் பெரியம்மா.

“மேல எதுக்கு? தேயிலை கூப்புட்டா வருமா?” என்றார் அம்மாள். என் தந்தை, “ஒங்க எடத்துலயே நிலையா இருக்குமாம்மா வேலை?” என்று கேட்டார். “நான் இருக்குற வரைக்கும்” என்றார் அம்மாள். பெரியம்மாவின் கை பெட்டியிலிருந்து மெல்ல இறங்கியது. எனினும் அந்த உப்பு முடிச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் மறக்கவில்லை.

வழியனுப்ப நான் அம்மாளோடு கொல்லைப் பக்கமாகப் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். எங்கள் கூரையின்மேல் காகங்கள் வரிசையாக இருந்தன. அம்மாள் அவற்றை அண்ணாந்து பார்த்தார். பிறகு முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கரகரத்த குரலைத் தாழ்த்தினார்.

“எங் கட்டடத்துக்குள்ள கொண்டாராத. ஆத்தங்கரைப் புளியமரத்தடியில போட்டுட்டு வா. ஒன்னையப் பாத்தா அங்கன இருந்து அதுகளே பின்னால வரும். கொண்டாறது என்னன்னு எங்கிட்டச் சொல்லாத. நானும் கேக்கல. நான் சாகுற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“சரிம்மா.”

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி என்னை அருகே அழைத்தார்.

“தலை சின்னதாப் பாத்து எடுத்துட்டு வா. முழுங்குறாப்புல” என்றார்.

திருமணம் ஆகும்வரை ஐந்து ஆண்டுகள் அங்கே பணியாற்றினேன். காகங்கள் என்னைப் புளியமரத்திலிருந்து மெஸ் வரை ஊர்வலமாக அழைத்து வரும். மாஸ்டர் என்னை அதன் பிறகு ஒருநாளும் கேலி செய்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில், எங்கிருந்து வாங்கினாரோ, ஒரு நெத்திலிப் பொட்டலத்தை யாரும் காணாமல் என் பையில் போட்டுவிடுவார். “தலைய வெட்ட வேண்டியதில்ல பாரு” என்பார்.

சென்ற மாதம் என் மகன் குடும்பத்தோடு குச்சனூர் போயிருந்தோம். மருமகள் சனிக்கிழமை விரதம் இருக்கிறவள். முக்கால் மணி நேரம் காகம் வரவில்லை. பேரன் போனில் காகத்தின் சத்தத்தைப் போட்டுப் பார்த்தான், அதற்கும் வரவில்லை. நான் ஆற்றங்கரை வரை நடந்து வருகிறேன் என்று எழுந்து போனேன். திரும்பி வரும்போது முப்பது காகங்கள் என்னோடு வந்தன. மருமகள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கைப்பையில் என்ன இருந்தது என்பதை அவளும் கேட்கவில்லை, நானும் கூறவில்லை. இதை அவள் வாசித்தால் அறிந்துகொள்ளட்டும்.

இவை அனைத்தும் நடந்தவை. இந்தத் தாள்களைக் கிழித்து எதையும் பொட்டலம் கட்டிவிடாமல், ஓரிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.